சாவே இல்லாத ஆஸ்பத்திரி

மக்பூல் அகமது மௌத்தானப்போ ஆம்பூர் பஜார்ல பாதிக் கடையைச் சாத்தினாங்க. எவ்ளோ பெரிய மனுஷன், எவ்ளோ கைராசின்னு ஆளாளுக்கு மூக்கைச் சிந்தினாங்க. நான் வூட்ல உட்கார்ந்து வெங்காயம் உரிச்சிக்கிட்டிருந்தேன். கண்ல தண்ணி வந்தது வாஸ்தவம்தான். அது வெங்காயத்துக்கு வந்த தண்ணி.

மௌத்தானவங்களைப் பத்தி நல்லதே பேசணும், ‘அவரு’ன்னு மரியாதையா சொல்லணும்னு பக்கத்து வூட்டு வஹீதா எனக்குப் புத்தி சொல்றா. மாட்டேன். அவன் உசிரோட இருந்தப்போ பாய், பாய்னு கூப்பிட்டு என் நாக்கு தேஞ்சு போச்சு. இப்பவாவது அவன்னு சொல்லிக்கிறேன். இன்னா பண்ணிடுவான்?

நான் ஹலீமா பீ. நசீர் அகமது சாயபு அவரோட அம்மா பேர்ல ஒரு தர்ம ஆஸ்பத்திரி கட்டினாரே, அதுல பொம்பளைங்க பக்கம் படுக்கை தட்டிப்போட்டு, புண்ணு கழுவி, பீ மூத்திரம் எடுத்த வேலைக்காரி. அந்த ஆஸ்பத்திரிக்கு மக்பூல்தான் ராஜா. டாக்டர் இல்லையான்னு கேக்காதீங்க. இருந்தாரு. சொல்றேன்.

மக்பூல் படிச்சது ஒண்ணுமில்ல. சாயபுவோட தோல் மண்டியில தரம் பிரிக்கிற வேலை. பதனிட்ட தோலை ஒவ்வொண்ணா எடுத்து விரிப்பான், கட்டை விரலால அழுத்துவான், காதுப் பக்கம் கிள்ளிப் பார்ப்பான், மோந்து பார்ப்பான். ஃபஸ்ட், செகண்டு, கழிவு. மூணே பேச்சு. வடக்கு வெளிச்சத்துலதான் தோலைப் பார்க்கணும், வெயில் பட்டா கண்ணை ஏமாத்திடும்னு மண்டியோட வடக்குத் தாழ்வாரத்துலயே ஆயுசைக் கழிச்சவன். அவன் கை பட்டு லண்டனுக்குப் போன கட்டு ஒண்ணுகூட திரும்பி வந்ததில்லையாம். தோல் விஷயத்துல அவன் கெட்டிக்காரன்தான், நான் இல்லைன்னு சொல்லல. செத்த தோலு அது. திருப்பிப் பேசாது.

அவனுக்கு ஆஸ்பத்திரியில இன்னா வேலைன்னு கேப்பீங்க. எல்லாம் சாயபு மூளை. ஆஸ்பத்திரி திறந்த புதுசுல, முடியாத கட்டத்துல தூக்கிட்டு வந்த சிலபேர் உள்ள செத்துப்போனாங்க. ஆஸ்பத்திரின்னா அதெல்லாம் நடக்கிறதுதானே? ஆனா பஜார் வாய் சும்மா இருக்குமா? “சாயபு அம்மா பேர்ல சாவு வூடு கட்டியிருக்காரு”ன்னு பேச்சு கிளம்பிடுச்சு. சாயபுவுக்குச் சோறு எறங்கல. ரெண்டு நாள் மண்டியில தலையைப் பிடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருந்தவரு, திடீர்னு எழுந்து, “லண்டன்ல என் பேர் கெடாம காப்பாத்துறவன் ஆம்பூர்ல காப்பாத்த மாட்டானா?”ன்னு மக்பூலைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரி கேட்டுல உட்கார வெச்சாரு. ஊர் முழுக்கத் தோல் யாவாரம். ஒருத்தனுக்குக்கூட இது பைத்தியக்காரத்தனம்னு தோணல. “ஆஹா, சாயபு யோசனையே யோசனை”ன்னாங்க. தூ!

மறுநாளே ராஜாங்கம் ஆரம்பிச்சிடுச்சு. கேட்டுக்கு வர்ற நோயாளியை வடக்குப் பக்கத் தாழ்வாரத்துல நிக்க வெப்பான். கையைத் தூக்கச் சொல்லுவான். திரும்பச் சொல்லுவான். கன்னத்தைக் கிள்ளுவான், வயித்தைத் தட்டுவான், வாயை மோந்து பார்ப்பான். அப்புறம் காதுல சொருகி வெச்ச நீலப் பென்சிலை எடுத்து முழங்கையில ஒரு கோடு. ஒத்தைக் கோடுன்னா உள்ள போய் கட்டில்ல படுக்கலாம். ரெட்டைக் கோடுன்னா மருந்து வாங்கிட்டுப் போகலாம். பெருக்கல் குறி போட்டான்னா, கூட்டிட்டு வந்த வண்டியிலயே திருப்பிக் கூட்டிட்டுப் போயிடணும். அல்லா மேல ஆணையாச் சொல்றேன், மனுஷத் தோல்மேல பெருக்கல் குறி போட்டான்.

ஒத்தைக் கோடு யாருக்குன்னு நெனைக்கிறீங்க? நல்லா இருக்கிறவனுக்கு! சளி, சொறி, கால் சுளுக்கு. வாலாஜாபேட்டையிலேர்ந்து ஜவுளிக்கடைக்காரங்க ஏப்பம் ஜாஸ்தியா வருதுன்னு வந்து வாரக்கணக்குல படுத்து, பாலும் ரொட்டியும் தின்னு, எடை ஏறிட்டுப் போனாங்க. வார்டுல நான் கழுவ ஒரு புண்ணு கிடையாது. சீட்டுக் கச்சேரி நடக்கும். நிஜமா காய்ச்சல் அடிக்கிறவன் கேட்டுக்கு வெளியில புளியமரத்தடியில கிடப்பான். உள்ளே சாவு இல்ல, வெளியில போய்ச் செத்தா கணக்குல வராது. அவ்ளோதான் அவனோட வைத்தியம். அதுக்குத்தான் ஊரே “சாவே இல்லாத ஆஸ்பத்திரி”ன்னு மெச்சிக்கிச்சு. திமிரியிலேர்ந்தெல்லாம் வண்டி கட்டிக்கிட்டு வந்தாங்க. நல்லா இருக்கிறவங்களைப் பொறுக்கி உள்ள விட்டா யார்தான் சாவாங்க?

டாக்டர் சுந்தரமூர்த்தி ஒண்ணும் சொல்லலையான்னா, அவருக்கு முதுகெலும்பு இருக்க வேண்டிய எடத்துல கோட்டு இருந்தது. நல்லா இஸ்திரி போட்ட கோட்டு. கேட்டைத் தாண்டி உள்ள வர்றவங்கதான் தன் நோயாளி, வெளியில இருக்கிறது சாயபு விஷயம்னுடுவாரு. கேட்டுப் பக்கம் இருக்கிற ஜன்னலை ஆணியடிச்சு மூடிக்கிட்டாரு. தூசி வருதாம்.

என் மவ சைராவும் அந்தக் கேட்டுக்கு வந்தா. புள்ளை பெத்த ஒடம்பு, குளிர் காய்ச்சல், பல்லு தந்தியடிக்குது. நான் உள்ள வேலை செய்யறவதானே, எனக்கு இல்லாத சலுகையான்னு தைரியமா ஜட்காவுல கூட்டிட்டு வந்தேன். மக்பூல் அவ கன்னத்தைக் கிள்ளினான். பெருக்கல் குறி போட்டான். “ஹலீமா பீ, நீயே உள்ள இருக்கிறவ. கணக்கு கெட்டா சாயபு மனசு எவ்ளோ கஷ்டப்படும்னு உனக்குத் தெரியாதா?”ன்னான். நான் அவன் காலைப் பிடிச்சேன். காலைப் பின்னால இழுத்துக்கிட்டான், சலவை வேட்டி அழுக்காயிடுமேன்னு. சைரா வழியிலயே ஜட்காவுல, என் மடியில, தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே போய்ட்டா. குடுக்க ஒரு வாய் தண்ணி இல்ல வண்டியில. அப்புறமும் அங்கயே வேலைக்குப் போனியான்னு கேட்டா, போனேன். அவ பெத்துப் போட்ட புள்ளைக்குப் பால் யார் வாங்குறது?

இப்படி இருக்கிறப்போதான் எல்லம்மா வந்தா. அவ புருஷன் பெருமாள், சாயபு மண்டியில வெளியூர்லேர்ந்து வர்ற, இன்னும் பதனிடாத வறத்தோல் கட்டைப் பிரிச்சு அடுக்குறவன். அவன் கழுத்துல ஒரு கொப்புளம். சுத்தி லேசா வீக்கம், நடுவுல கரியை வெச்சு அழுத்தின மாதிரி கறுப்பு. கட்டு பிரிக்கிறவங்களுக்கு அப்பப்போ வரும் அந்த எழவு, சிலபேரைக் கொண்டுபோயிடும்னு மண்டியில எல்லாருக்கும் தெரியும். எல்லம்மா பயந்துபோய் அன்னிக்கே கூட்டிட்டு வந்துட்டா.

மக்பூல் கொப்புளத்தை அழுத்தினான். “வலிக்குதா?”

“இல்ல பாய்,” ன்னான் பெருமாள்.

“வலியே இல்லாம இன்னா நோயி? தோல்ல புள்ளி விழுந்தா தோலே கெட்டுப் போச்சுன்னு அர்த்தமா? போ, போய் வேலையைப் பாரு. ஏம்மா, புருஷனை மடியில போட்டுத் தாலாட்டுறதை வூட்ல வெச்சுக்கோ.” கேட்டுல நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க. அவளும் தலையைக் குனிஞ்சிக்கிட்டு கூட்டிட்டுப் போய்ட்டா.

வலிக்காததுதான் அந்த நோயோட விஷமே. ஒரு நாள் விட்டு அடுத்த நாள் திரும்ப வந்தாங்க. பெருமாளுக்குக் கழுத்து தாடை வரைக்கும் வீங்கி, மூச்சு இழுக்குது. தோல் பதனிடுற ஆவாரம் பட்டை ஏத்துற மாட்டு வண்டியில படுக்க வெச்சு அவளே தள்ளாத குறையா கொண்டாந்திருக்கா. மக்பூல் வண்டிகிட்டகூட வரல. தூரத்துல நின்னு மோந்தான். “கழிவு. திருப்பிக் கூட்டிட்டுப் போ”ன்னான்.

அப்போ எல்லம்மா கேட்டா பாருங்க ஒரு கேள்வி, இன்னிக்கும் என் காதுல நிக்குது. “முந்தாநாள் நோயே இல்லைன்னீங்க. இன்னிக்கு நோய் ஜாஸ்தின்றீங்க. நடுவுல எப்போ வந்திருந்தா உள்ள விட்டிருப்பீங்க பாய்?”

அதுக்கு அவன், “வாய் நீளுது. பெருமாள் வேலை எங்க செய்யறான்னு ஞாபகம் வெச்சுக்கோ”ன்னான். அவ்ளோதான் பதில்.

உள்ள ஓடினேன். டாக்டர் ஒரு ஜவுளிக்கடைக்காரனோட நாக்கைப் பார்த்துக்கிட்டிருந்தாரு. “ஐயா, ஒரு தடவை வெளியில வந்து பாருங்க. ஒரு உசுரு போவுது”ன்னேன். அவரு எழுந்தாரு. உட்கார்ந்தாரு. திரும்ப எழுந்து ஆணியடிச்ச ஜன்னலைப் பார்த்தாரு. அப்புறம் குரலைத் தாழ்த்தி, “கறுப்புக் கொப்புளமா? யாரும் கீறாம வேலூர் பெரியாஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோகச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாதே”ன்னாரு. நான் சொன்னேன்னு சொல்லாதேவாம்! இவரு கழுத்துல தொங்குற குழாய் எதுக்கு?

ஓடிவந்து வேலூர் போன்னு சொன்னேன், எல்லம்மா நிக்கல. வண்டியை ஸ்டேஷனுக்குத் திருப்பினா. ரயில்ல மூணாங்கிளாஸ் பெட்டியில பக்கத்துல உட்காரவே ஜனங்க பயந்தாங்களாம். காட்பாடியில இறங்கி வேலூர் போய்ச் சேர்ந்தாங்க. அங்க யாரும் கிள்ளிப் பார்க்கல. கட்டில் குடுத்தாங்க, ஊசி போட்டாங்க, ராவும் பகலும் பார்த்துக்கிட்டாங்க. பெருமாள் பொழைச்சுட்டான். கழுத்துல கைப்பிடி அகலத்துக்கு வடு ஒண்ணு நின்னுபோச்சு, தலை கொஞ்சம் ஒரு பக்கமாவே சாஞ்சிருக்கும். உசுரு இருக்கு, போதாதா? திரும்ப வந்து அதே மண்டியில வேலைக்கும் சேர்ந்தான்.

விஷயம் இதோட முடிஞ்சிருந்தா மக்பூல் நல்ல பேரோடவே மண்ணுக்குள்ள போயிருப்பான். ஆனா பேராசை விட்டாதானே!

ஆஸ்பத்திரி ஆண்டு விழா வந்தது. பந்தல் போட்டு, வாணியம்பாடி, வாலாஜாபேட்டை யாவாரிங்களையெல்லாம் கூப்பிட்டு, பின்னால தேக்சாவுல பிரியாணி தம் போட்டு வெச்சிருந்தாங்க. முன்னால நாற்காலி, நடுவுல பாய், ஓரமா சுவரண்டை மண்டிக் கூலிங்க, அவங்க பொம்பளைங்க. எங்க ஜாதிப் பொம்பளைங்களுக்குத் தனியா திரை கட்டியிருந்தது. மக்பூலுக்குச் சால்வை போர்த்தப் போறாங்கன்னு ஊரெல்லாம் பேச்சு. வெறும் சால்வை போதாதுன்னு அவனுக்கு ஒரு யோசனை. பார்த்தா பளிச்சுனு தெரியற மாதிரி ஒரு நோயாளி வேணும். சளி ஆறினவனை மேடையில ஏத்தி இன்னா காட்டுறது? பெருமாள் கழுத்து வடு ஞாபகம் வந்தது. மண்டி மேஸ்திரியை விட்டு, ‘பாய் புண்ணியத்துல பொழைச்சேன்’னு நாலு பேர் முன்னால சொல்லணும், இல்லைன்னா நாளைக்கு வேலைக்கு வரவேணாம்னு சொல்ல வெச்சுட்டான்.

சாயபு எழுந்து பேசினாரு. “மக்பூல் கேட்டுக்கு வந்த நாள்லேர்ந்து எங்கம்மா பேர்ல இருக்கிற இந்த ஆஸ்பத்திரியில ஒரு சாவு கிடையாது”ன்னாரு. கண்ல தண்ணி. நிஜமான தண்ணி, பாவம். எல்லாரும் தலையாட்டினாங்க. பெருமாளைத் தூக்கி நிறுத்தினாங்க. அவன் சாஞ்ச கழுத்தோட, தரையைப் பார்த்துக்கிட்டு, “மக்பூல் பாய் புண்ணியத்துல பொழைச்சேன் முதலாளி”ன்னான்.

நான் அவனைத் திட்ட மாட்டேன். பசி அது.

சுவரண்டையிலேர்ந்து எல்லம்மா எழுந்துட்டா. “பொய் சொல்லாதய்யா!”

மேஸ்திரி ஓடி வந்து அவ கையைப் பிடிச்சான். உதறிட்டா.

“முதலாளி, இவரு உங்க ஆஸ்பத்திரியில பொழைக்கல. உங்க கேட்டுல கழிவுன்னு சொல்லித் துரத்தினாங்க. வேலூர்ல பொழைச்சாரு. நீங்க கழிச்சுப் போட்ட சரக்கை நீங்களே எடுத்தாந்து ஃபஸ்ட் சரக்குன்னு நாலு பேருக்குக் காட்டுறீங்களே, இது எந்த ஊர் யாவாரம்?”

வேற எப்படிச் சொல்லியிருந்தாலும் சாயபுவுக்கு ஏறியிருக்காது. தர்மம், நியாயம்னு பேசியிருந்தா ‘அழாதே, போம்மா’ன்னு ரெண்டணா குடுத்து அனுப்பியிருப்பாரு. யாவாரம்னதும் முகம் மாறிடுச்சு. மக்பூலைப் பார்த்து, மண்டியில தெனம் சாயங்காலம் கேக்கிற கேள்வியைக் கேட்டாரு.

“மக்பூல், கழிவு எங்க?”

மண்டியில அதுக்குப் பதில் இருக்கும். கழிவுத் தோலுக்கும் ஒரு அடுக்கு உண்டு. வஜ்ஜிரப் பசை காய்ச்சுறவன் வந்து எடுத்துட்டுப் போவான். எந்தத் தோலும் காணாம போகக்கூடாது. தரம் பிரிக்கிறவன்தான் அதுக்கு ஜவாப்தாரி.

“வெளியில அனுப்பிட்டேன் சாயபு,” ன்னான்.

“வெளியிலன்னா எங்க?”

“வூட்டுக்கு.”

“யார் வூட்டுக்கு?”

சுவரண்டையிலேர்ந்து பூவம்மாள் எழுந்தா, தோல் ஊறவெக்கிற சுண்ணாம்புக் குழியில வேலை செய்யறவ. “எங்க வூட்டுக்கு முதலாளி. எங்க அண்ணனைக் கழிச்சாங்க. வூட்டு வாசல்ல வெச்சு உசுரு போச்சு.” அவளுக்குப் பின்னால இன்னொருத்தி. “எங்க வூட்டுக்கும்தான். எம் புள்ளை.” திரைக்குப் பின்னாலேர்ந்து ஒரு பொண்ணோட குரல், அழுகையோட: “எங்க வூட்டுக்கு, எங்க அத்தாவை.” ஆம்பளைங்க பக்கத்துலயும் ஒருத்தர் ரெண்டுபேர் எழுந்தாங்க. நானும் கத்திட்டேன். “எங்க வூட்டுக்குக்கூட வந்து சேரல சாயபு! என் மவ சைரா, ஜட்காவுலயே போய்ட்டா!”

அப்போ மக்பூல் பேசினான். நீங்க நம்ப மாட்டீங்க. அவன் முகத்துல வெக்கம் இல்ல, பயம் இல்ல. சந்தோஷம்! மார்பை நிமித்திக்கிட்டு, “பார்த்தீங்களா சாயபு? அத்தினி பேரும் செத்துட்டாங்க. நான் ஒருத்தரைக்கூடத் தப்பாப் பிரிக்கல”ன்னான். அப்புறம் பெருமாள் பக்கம் கையைக் காட்டி, “இவன் ஒருத்தன் விஷயத்துலதான் கணக்கு தவறிப் போச்சு”ன்னான்.

பொழைச்சவன்தான் அவன் செஞ்ச தப்பு. யா அல்லா, ஒரு மனுஷனுக்கு இப்படியும் மூளை போகுமா!

சாயபு சால்வையைப் போர்த்தல. கையில வெச்சிக்கிட்டே உட்கார்ந்துட்டாரு. பிரியாணியும் சாப்பிடல. மத்தவங்க சாப்பிட்டாங்க, அதுல ஒரு குறையும் இல்ல. வெளியூர் யாவாரி ஒருத்தர், கறி கொஞ்சம் கம்மின்னு குறைகூட சொன்னாரு.

மறுநாள் மக்பூலை மண்டிக்கே திருப்பி அனுப்பிட்டாங்க. தண்டனையா? ஒண்ணுமில்ல. தோல் பிரிக்க அவனை விட்டா ஆள் இல்லையே! கேட்டுல டாக்டர் சுந்தரமூர்த்தியை உட்காரச் சொன்னாரு சாயபு. யாருக்கு நோய் ஜாஸ்தியோ அவங்க முதல்ல உள்ள. கோட்டு கசங்குது, வேர்த்துக் கொட்டுது, ஆனா உட்கார்ந்தாரு. ஜன்னல் ஆணியை நானே பிடுங்கினேன். ஜவுளிக்கடைக்காரங்க கட்டிலைக் காலி பண்ணிட்டு முணுமுணுத்துக்கிட்டே போனாங்க. வார்டு நாற ஆரம்பிச்சுது. எனக்கு இடுப்பு ஒடியற வேலை.

கொஞ்ச நாள்ல தானியேல்னு ஒரு சுண்ணாம்புக் குழி ஆள் வந்தான். வயிறு பானையா வீங்கி, கண்ணு மஞ்சளா. பார்த்தவுடனே டாக்டர் முகம் விழுந்துடுச்சு. ஆனா உள்ளதான் கொண்டுபோனாரு. முடிஞ்ச மட்டும் பார்த்தாரு, வயித்துல கட்டின தண்ணியை எடுத்தாரு, ஊசி போட்டாரு. முடியல. மத்தியானம் போய்ட்டான்.

செய்தி பஜாருக்குப் போனதுதான் தாமதம், மக்பூல் மண்டியிலேர்ந்து கிளம்பி, ரெண்டு தோஸ்துங்களைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரி கேட்டுக்கே வந்துட்டான். சிரிப்பு வேற. “இன்னா ஹலீமா பீ, நான் போய் ஒரு மாசம் ஆகல, அதுக்குள்ள பொணம் விழுந்துடுச்சாமே?”

அழுக்குத் துணி அலசின தண்ணி வாளியோட நின்னுக்கிட்டிருந்தேன். அவன் மூஞ்சியில ஊத்தியிருக்கலாம். ஊத்தல.

“ஆமா பாய், செத்தான்,” ன்னேன். “கட்டில்ல படுத்துச் செத்தான். பொஞ்சாதி தலைமாட்டுல இருந்தா, டாக்டர் கையைப் பிடிச்சிக்கிட்டு இருந்தாரு. தண்ணி கேட்டான், நான்தான் குடுத்தேன். ரெண்டு தடவை கேட்டான். ரெண்டு தடவையும் குடுத்தேன்.”